ஞாயிற்றுக்கிழமை வண்டி

முள் இறங்கியிருந்தது.

செங்குட்டுவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது டீசல் முள் முக்கால் கோட்டுக்கு மேலே இருந்தது. அவரே கண்ணால் பார்த்தது. இப்போது அது கோட்டுக்குக் கீழே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஆறு நாளும் வண்டி காலடிப்பேட்டைக் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் உறை போர்த்திக்கொண்டு சும்மாதான் நின்றது.

"ரமா! ஏ ரமா! கீய எறங்கி வா!"

இரண்டாம் மாடிச் சன்னலில் ரமாபாயின் தலை தெரிந்தது.

"இன்னாயா, காலங்காத்தால ஊரக் கூட்டுற?"

"டீசல் கொறஞ்சி கீதுமே!"

"ஓட்டுனா கொறையாதா?"

"எங்க ஓட்டுனேன்? போன ஞாயித்துக்கெயம நிறுத்துன வண்டி. இன்னிக்குத்தான் கதவையே தொறக்கிறேன்."

ரமாபாய் கொஞ்சம் யோசித்தாள். "வெயில் இன்னா கொஞ்சமாவா அடிக்குது? ஆவியாப் பூட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிறவரிடம் ஆவியாகப் போய்விட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்வாரா? ஒரு வாஷர் குறைந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வண்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது கார் என்று சொன்னால் கார்தான். ஆனால் சாதாரணக் காரைவிட ஒரு முழம் உயரம். ஜீப்பாகப் பிறக்க ஆசைப்பட்டு, காசு பற்றாமல் சின்னக் காராகவே நின்றுவிட்ட ஜாதி. சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, கூரையில் இரண்டு நீளக் கம்பி, உள்ளே சின்ன டீசல் எஞ்சின். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி இரண்டு வருடம் விற்றுப் பார்த்துவிட்டுக் கைகழுவிய மாடல். நிறம் மட்டும் பளிச்சென்ற மாம்பழ மஞ்சள். மெக்கானிக் மாரியப்பன்தான் பிடித்துக் கொடுத்தான்.

"கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்துல எல்லா காரும் வயிறு இடிக்கும் சார். இது தாண்டிக்கினு பூடும். ஒயரம் ஜீப்பு, செலவு ஆட்டோ" என்றான் மாரியப்பன். அந்த ஒரு வார்த்தையில் செங்குட்டுவன் விழுந்துவிட்டார்.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறிலேயே நின்றது. புதிதாக மாற்ற மாரியப்பன் கேட்ட தொகையைக் கேட்டதும் செங்குட்டுவன் சிரித்தார். வாரத்தில் ஒரு நாள் ஓடப்போகிற வண்டிக்கு மீட்டர் எதற்கு? மற்ற நாட்களில் கம்பெனி பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கம் போய், கழிமுகத்தில் பிடித்த இறாலைக் கரையிலேயே மலிவாக வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. இதைக் கணக்குப் பண்ண ஒரு மீட்டரா?

சிக்கனம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. டிரைவிங் ஸ்கூலில் "தம்பதியாகச் சேர்ந்தால் ஒருவருக்கு இலவசம்" என்று பலகை வைத்திருந்தார்கள். அந்த இலவசம் வீணாகிவிடக் கூடாதே என்று ரமாபாயையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். அவர் இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். அவளுடைய லைசென்சும் வந்தது. அதை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பத்திரமாக வைத்தார்.

"நான் ஒரு தபா ஓட்டிப் பாக்கட்டா?" என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"லைசென்ஸ் வேற, வண்டி வேறமே. இது சூட்சுமம் தெரிஞ்சவன் ஓட்டுற வண்டி. கிளட்ச ஒரு தபா ஏறக்கொறைய மிதிச்சா போச்சு" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மகள் ஷாலு வேலூரில் நர்சிங் படிக்கப் போய்விட்டதால், அவர் கம்பெனி பஸ் ஏறிய பிறகு பகலெல்லாம் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

வண்டி வாங்கும்போதே ரமாபாய்க்குப் பிடிக்கவில்லை. பஸ் இருக்கச்சொல்ல வண்டி எதுக்கு என்று அவள் கேட்டதற்கு, குடியிருப்பே கூடி நின்று வேடிக்கை பார்த்த அந்த நேரத்தில் செங்குட்டுவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சபதம் போட்டார்.

"லிட்டருக்கு இருவது கிலோமீட்டர் குடுக்கும். குடுக்கலேன்னா மூணு மாசத்துல நானே வித்துட்டு, பழையபடி பஸ்சுல தொங்கறேன். பாத்துக்கினே இரு!"

மூன்று மாதம் முடிய இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. முள்ளோ இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கத்திவாக்கம் கிளம்பலாம் என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால், முழங்கால் ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

"இன்னாமே இது, வண்டி சுருங்கிப்பூட்ச்சா?"

"வண்டி சுருங்கல. நீ ஊதிக்கினு போற. ஒரு வாரம் ராத்திரி ரெண்டு இட்லியோட நிறுத்து" என்றாள் பின் இருக்கையில் ஏறிய ரமாபாய். முன் இருக்கையில் உட்கார அவளுக்குப் பயமாம். ஏறியதும் முந்தானையை இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். எண்ணூர் ரோட்டில் தூசி அப்படி.

செங்குட்டுவன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாவியைத் திருகினார். எஞ்சின் கடகடவென்று உயிர் பெற்றது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருட உழைப்பில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இது ஒன்றுதான்.

தேரடி தாண்டியதும் ஒரு பெண் கையைக் காட்டினாள். அஜாக்ஸ் நிறுத்தத்தில் நாலு பேர் கையைக் காட்டினார்கள். விம்கோ நகரில் ஒரு பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான், ஒரு ஆள் கதவைத் திறந்துகொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேவிட்டான்.

"எர்ணாவூர் ஒண்ணு."

"யோவ்! இது இன்னா ஷேர் ஆட்டோவா? எறங்குய்யா!"

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கிப் போனான். ரமாபாய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சக் கலரும் டீசல் சத்தமும் சேந்து ஜனங்கள ஏமாத்துதுமே" என்றார் செங்குட்டுவன்.

"ஆமாய்யா. எத்தப் பாத்தாலும் ஏறிக் குந்திக்கும் நம்ம ஜனங்க" என்று முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது.

வரும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கழுத்து வரைக்கும் டீசல் நிரப்பச் சொன்னார். கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். டீசல் போடுகிறவன் வண்டியைப் பார்த்ததும், "மறுபடியுமா சார்?" என்றான். அந்தக் கேள்வி செங்குட்டுவனை ஊசியாகக் குத்தியது. கடைசியாக இங்கே நிரப்பி இரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் பங்குக்காரனே கிண்டல் பண்ணுகிற அளவுக்கு வண்டி பேர் வாங்கிவிட்டதா? நாலு லிட்டர் பிடித்தது. இரண்டு ஞாயிறு, முப்பத்தாறு கிலோமீட்டர், நாலு லிட்டர். லிட்டருக்கு ஒன்பது.

"லாரி குடிக்கிறத குடிக்குது" என்று முணுமுணுத்தார்.

முதலில் திருட்டு என்று நினைத்தார். டீசல் டேங்குக்குப் பூட்டு மூடி வாங்கி மாட்டினார். சாவி ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று வீட்டில் ஆணியில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூட்டு பூட்டியபடியே இருந்தது. முள் மட்டும் இறங்கியிருந்தது. ஒரு வாரமாக இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவரின் முழங்காலும் மறுபடி ஸ்டியரிங்கில் இடித்தது.

வண்டியை மாரியப்பனிடம் கொண்டுபோனார். அவன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எஞ்சின் ஜோரா கீது சார். ஒழுகல் ஒண்ணும் இல்ல. ஆனா பிரேக்கு கட்ட தேஞ்சி பூட்ச்சி. டயரும் அரை வயசு தாண்டிட்ச்சி. ரொம்ப ஓட்டமோ?"

"ஞாயித்துக்கெயம மட்டும்பா. பதினெட்டு கிலோமீட்டரு."

மாரியப்பன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். நல்ல டயரைத் தேய்ந்தது என்று சொல்லிப் புதுசு தள்ளப் பார்க்கிறான் என்று செங்குட்டுவனுக்குப் புரிந்துபோயிற்று. அப்படியெல்லாம் ஏமாறுகிற ஆளா அவர்?

"மைலேஜுக்கு வழி சொல்லு. டயரப் பத்தி அப்பால பேசலாம்."

"வெய்ட்டக் கொறைங்க. கிளட்சு மேல கால வெச்சிக்கினே ஓட்டாதீங்க. மெதுவா மிதிங்க. வேற இன்னா சொல்றது?"

செங்குட்டுவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அன்றைக்கே ஸ்டெப்னியைக் கழற்றினார். ஜாக்கி, கால்மிதி, பின்பக்கப் பலகை, டேஷ்போர்டில் இருந்த டப்பா வரைக்கும் இறக்கினார். ஸ்டெப்னி மாடியேறிச் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் குடியேறியது.

"இது மேல உக்காந்து வெங்காயம் நறுக்கலாம். சௌரியமாத்தான் கீது" என்றாள் ரமாபாய்.

அதோடு விடவில்லை. அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, முள் நின்ற இடத்துக்கு நேராக மீட்டர் கண்ணாடியில் ஒட்டினார்.

"பாத்துக்கோ. முள்ளு பொட்டுக்கு நேரா கீது. அடுத்த ஞாயிறு இதே எடத்துல இருந்தா மாரியப்பன் சொன்னது சரி."

"ஓ" என்றாள் ரமாபாய். பொட்டை நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறையை விலக்கிக் கதவைத் திறந்த செங்குட்டுவன், அப்படியே இருக்கையில் சாய்ந்துவிட்டார். முள் பொட்டுக்கு நேராக இல்லை. பொட்டுக்கு மேலே இருந்தது.

"ரமா! டீசல் ஏறியிருக்குதுமே!"

"நல்லதுதான? அதுக்கு ஏன் கத்துற?"

"நிக்கிற வண்டியில எப்டி ஏறும்?"

"வெய்ட்டு கொறஞ்சிட்ச்சில்ல. அதுக்கே தெம்பு வந்திருக்கும்."

அறிவுக்குப் பொருந்தவில்லைதான். ஆனால் மனசுக்கு இனித்தது. மனுஷன் எதை நம்புவான்? திங்கட்கிழமை கம்பெனி கேன்டீனில் பாதிப் பேர் இந்தக் கதையைக் கேட்டார்கள். "நிக்கும்போது டீசல் கீழ எறங்கி செட்டில் ஆவுது. அது ஜெர்மன் டெக்னிக்கா இருக்கும்" என்று செங்குட்டுவன் விளக்கினார். வண்டி ஜெர்மன் வண்டியே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால், அந்த ஞாயிறே, வெற்றியின் வேகத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். ரமாபாய்க்குத் தலைவலி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். தனியாகக் கிளம்பினார். பின் கண்ணாடியில் "இது ஷேர் ஆட்டோ அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டார். எர்ணாவூர் பாலத்தின் உச்சியில் ஏறியதும் எஞ்சினை அணைத்தார். இறக்கம் முழுக்க ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் போகலாமே என்ற யோசனை.

வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. முதல் கொஞ்ச தூரம் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக் மரக்கட்டையாக நின்றது. இரண்டு காலையும் வைத்து மிதித்து, வேர்த்து விறுவிறுத்து, ஒருவழியாக அவர் வண்டியை நிறுத்தியபோது அது நின்ற இடம் பாலத்தடியில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடம்.

கதவு திறந்தது. நாலு பேர் ஏறினார்கள். ஒருத்தர் மடியில் இரண்டு கோழி வேறு.

"எறங்குங்க! பின்னாடி எழுதி ஒட்டிக்கீறன், படிக்கலியா? இது ஷேர் ஆட்டோ இல்ல!"

"தெரியும் சார். ஷேர் ஆட்டோ வந்திருந்தா நாங்க ஏன் அரை மணி நேரமா காத்துக்கினு நிக்கிறோம்? வண்டிய எடு" என்றார் கோழிக்காரர்.

வடசென்னைக்காரர்களின் வாய்க்குப் பயந்து, எண்ணூரில் இறக்கிவிட்டுத் தொலைக்கலாம் என்று செங்குட்டுவன் சாவியைத் திருகினார். முதல் கியரில் வண்டி ஒரு குதி குதித்தது. இரண்டாம் கியரில் இன்னொரு குதி.

"கிளட்ச பைய உடு சார். கோயி பயப்படுது."

"எனக்கு ஓட்டத் தெரியும்!"

சொல்லி வாயை மூடவில்லை, முன்சக்கரம் ஒரு இரும்புத் துண்டில் ஏறி உஸ்ஸென்று உட்கார்ந்தது. நாலு பேரும் இறங்கி மரியாதையாக நின்றார்கள்.

"பரவால்ல சார், ஸ்டெப்னி மாட்டிக்கலாம். பின்னாடிதான கீது?" என்று கோழிக்காரர் உரிமையோடு பின்கதவைத் திறந்தார். உள்ளே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இன்னா சார், ஸ்டெப்னிய காணம்? போன மாசம் கூட..." என்று இழுத்தவரை மற்றொருவர் இடித்து நிறுத்தினார்.

சமையலறையில் வெங்காயத்துக்குத் துணையாக இருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துவர, செங்குட்டுவன் ஷேர் ஆட்டோ பிடித்துக் காலடிப்பேட்டை போனார். அதே ஷேர் ஆட்டோவில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். சக்கரத்துக்கும் ஒரு ஆள் கட்டணம் கேட்டு வாங்கினான் டிரைவர். அன்றைக்கு இறால் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அதாவது மூன்று மாதத்தின் கடைசிக்கு முந்தின ஞாயிறு, பொட்டைக் காணவில்லை. உதிர்ந்து எங்கோ விழுந்திருக்க வேண்டும். முள் காலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியிலிருந்து பங்கு வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனார்.

"மறுபடியுமா சார்?" என்றான் பங்குக்காரன்.

அங்கேயே முடிவெடுத்தார். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், மறுபடி சமையலறைக்கே வந்துவிட்ட ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வித்துர்றேன்மே. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

வாங்காதே என்று ஒரு மாதம் சண்டை போட்டவள், இப்போது தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்குய்யா விக்கணும்? நிக்கட்டுமே அது பாட்டுக்கு. யாரு கேக்கப் போறா உன் சபதத்த?"

"குடியிருப்பே கேட்ச்சி. நான் பேச்சு மாறுற ஆளா?"

"ஒண்ணு சொல்லட்டா? நீ கோச்சுக்கக் கூடாது..."

"ஒண்ணும் சொல்லாத. ஆறுதல் சொன்னா எனக்கு அயுகை வந்துரும்."

ரமாபாய் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தோசையைத் திருப்பினாள். தோசை கருகியிருந்தது.

மாரியப்பன் மூலமாக ஆள் வந்தார். ராயபுரத்தில் கயிறும் வலைநூலும் மொத்த வியாபாரம் செய்கிற தேவப்பிரியம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீளக் கவர். அடுத்த ஞாயிறு காலை, ஜெபக்கூட்டம் முடிந்து நேராக வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து கூரைக் கம்பியைத் தடவினார்.

"இது என்னத்துக்குங்க? கீறலா கெடக்கு?"

"அழகுக்குதாங்க. காக்கா வந்து குந்தும்" என்றார் செங்குட்டுவன்.

"மைலேஜ் எவ்வளவு குடுக்கு?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லி வண்டி விற்றிருக்கிறார்கள். செங்குட்டுவனுக்கு அது வரவில்லை. ஒரு வாஷரில்கூடப் பொய்க் கணக்கு எழுதாத கை அது.

"ஒம்போதுதாங்க குடுக்குது. அதுவும் நல்லா இருந்தா. போன வாரம் அதுவும் இல்ல."

தேவப்பிரியம் இரண்டு அடி பின்னால் போனார். "ஒம்பதா? எங்க கடை குட்டியானை வேனே பாரம் ஏத்திக்கிட்டுப் பதினாறு குடுக்கே! சரி, நிசத்தைச் சொல்லிட்டீய. பாதி வெலைதான் தர முடியும். ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்."

கிளம்புகிற நேரத்தில் ரமாபாய் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நானும் வர்றேன். கடசியா ஒரு தபா" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பின்னால் ஏறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செங்குட்டுவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். முழங்கால் இடித்தது. விற்கப் போகிற வண்டி, இடித்தால் இடிக்கட்டும் என்று அப்படியே ஓட்டினார்.

வண்டிக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, அன்றைக்கு அது ஓடின ஓட்டம் இருக்கிறதே! தேரடி நெரிசலில் இரண்டாம் கியரிலேயே முனகாமல் ஊர்ந்தது. அஜாக்ஸ் பக்கம் பள்ளத்தில் இறங்கி, வயிறு தட்டாமல் ஏறியது. இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கிடைத்த சந்தில் சட்டென்று நுழைந்து வெளியே வந்தது. செங்குட்டுவன் கிளட்சை விட்டபோதெல்லாம் ஒரு குதி குதித்தது என்பது மட்டும்தான் குறை.

"வண்டி நல்ல வண்டியாத்தான் தெரியுது. உயரமா உக்காந்து போறதுக்குச் சொகமா இருக்கு. மைலேஜ்தான் தரித்திரம்" என்றார் தேவப்பிரியம், தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு.

விம்கோ நகரில் எல்லா வண்டியும் நின்றது. துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. செங்குட்டுவன் பழக்க தோஷத்தில் எஞ்சினை அணைத்தார்.

"சரி, எதுக்கு வளர்த்துக்கிட்டு?" தேவப்பிரியம் பையிலிருந்து நீளக் கவரை எடுத்தார். கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்தார். "அட்வான்சு. கையில வாங்கிக்கிடுங்க. நாளைக்கு ஆர்.சி. புக்கைக் கொண்டாந்துருங்க."

செங்குட்டுவன் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். அவர் பார்வை கலங்கியது. பின்னால் ரமாபாய், "யோவ், வாங்காதய்யா, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவரை நோக்கிக் கையை நீட்டினார்.

கூரையில் தடாலென்று ஒரு சத்தம்.

மூன்று பேரும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்கள். சாலையோரத்திலிருந்து வந்த மீன்காரி சொக்கம்மாள் தன் அலுமினிய அன்னக்கூடையைக் கூரைக் கம்பிக்கு நடுவில் வைத்து, இடுப்பிலிருந்த கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை மாதிரி முடிச்சுப் போட்டாள். பின்கதவைத் திறந்து ஏறி, "தள்ளிக் குந்துமா" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, இது ஷேர் ஆட்டோ..." என்று திரும்பிய செங்குட்டுவனை அவள் லட்சியமே செய்யவில்லை. பக்கத்தில் இருந்தவளின் முந்தானையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"அட, ரமாவா! மூஞ்ச மூடிக்கினு பின்னாடி குந்திகினு கீறியே, இன்னாடி இது? தெனம் டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் ஆறு நடை, ஒரு குலுக்கல் இல்லாம நீதான ஓட்டுவ... இன்னிக்கு ஏண்டி இந்தக் கத்துக்குட்டி கையில குட்த்துக்கீற?"